அப்பா தடவிப் பார்த்த காடி

"காடி இன்னும் சுத்தமாகலையே பாப்பா," என்றார் அப்பா.

அப்போதுதான் கழுவி முடித்திருந்தோம். இரண்டு வாளித் தண்ணீர், ஷாம்பு, மென்மையான துணி எல்லாம் வைத்துக் கூரையிலிருந்து சக்கரம் வரை தேய்த்துத் துடைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் எங்கள் பழைய புரோட்டோன் வீரா கரும்பச்சையில் நின்றது. என் கண்ணுக்கு ஒரு பொட்டு அழுக்குகூடத் தெரியவில்லை.

"நல்லாத்தானே இருக்குப்பா. கண்ணாடி மாதிரி மின்னுது."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். மின்னுவது அப்பாவுக்குத் தெரியாது. கண் அழுத்த நோயில் அவருடைய இடது கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. இனிக் காடி ஓட்டவே கூடாது என்று கண் மருத்துவர் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது.

அப்பா பதில் பேசவில்லை. முன்பக்க மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக இழுத்தார். "மணல் ஒட்டின மாதிரி இருக்கு. நீ தடவிப் பாரு."

தடவினேன். ஒன்றும் தெரியவில்லை. வயதானவர், மனசுக்குத் தோன்றுகிறது போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அன்று இரவுதான் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். சாயப் பட்டறைக்காரர்கள் ஒரு சோதனை செய்வார்களாம். காடியை நன்றாகக் கழுவிக் காயவைத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, சாயத்தின் மேல் தடவ வேண்டும். வெறும் விரல் சாயத்தில் பிடித்துக்கொள்ளும். பை வழுக்கிக்கொண்டு போகும். அதனால் தடுக்குகிற இடம் மட்டும் விரலுக்குத் தனியாகத் தெரியும். அம்மா பசாரிலிருந்து காய்கறி வாங்கி வந்த பை ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

உப்புத்தாளைத் தடவுவது போலிருந்தது. கூரை, முன் மூடி, பின் மூடி என்று மழையும் தூசும் நேராக விழுகிற இடமெல்லாம் சொரசொரவென்று இருந்தது. அப்பாவுக்குப் பை தேவைப்படவில்லை. அதுதான் வித்தியாசம்.

அந்தக் காடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா சிலியாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 16 வயதில் பால்மரம் வெட்டத் தொடங்கியவர். முப்பது வருடம் வெட்டினார். பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை போட்டபோது, லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு சிரம்பானுக்கு வெளியே ஒரு தாமானில் குடியேறினோம். 50 வயதில் ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் அவர் வாங்கிய பழைய காடி இது. எங்கள் குடும்பத்தின் முதல் காடி. அதற்கு முன் நாங்கள் ஐந்து பேரும் போனது ஒரே மோட்டார் சைக்கிளில்தான், இரண்டு நடையாக.

அக்காவின் கல்யாணத்துக்குப் பொண்ணு வந்தது இந்தக் காடியில். பல்கலைக்கழகத்தில் ஊடகம் படிக்கப் போகிறேன் என்று நான் அடம் பிடித்தபோது, பெட்டியோடு என்னைக் கொண்டுபோய் விட்டதும் இதே காடிதான். "ரேடியோல பேசுறதுக்கு எதுக்கு மூணு வருஷம் படிப்பு?" என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தவர், இப்போது என் நிகழ்ச்சி தொடங்கும்போது அம்மாவைப் பேசவிடுவதில்லை.

மருத்துவர் சொன்ன பிறகு அப்பா ஒரு முடிவு செய்தார். அக்கா மகன் படிக்கப் போர்ட்டிக்சனுக்குப் போகிறான். காடி அவனுக்கு. ஆனால் கொடுக்கும்போது சுத்தமாகக் கொடுக்க வேண்டும். "பேரப்பிள்ளைக்கு அழுக்குச் சட்டையா குடுப்பாங்க?" என்றார்.

அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது குற்றவாளி நானே என்று தெரிந்தது.

எனக்கு மாலை நேர நிகழ்ச்சி. மதியம் சிரம்பான் நிலையத்தில் காடியை நிறுத்திவிட்டுக் கொமுட்டர் பிடித்துத் தலைநகருக்குப் போவேன், இரவு திரும்புவேன். இரண்டு வருடமாக நான் எடுத்துப் போனது அப்பாவின் வீராவைத்தான். தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துவேன், ஓட வசதி என்று. இரயில் சக்கரமும் தண்டவாளமும் உரசும்போது கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் பறக்கின்றன. சாலையில் ஒவ்வொரு காடியும் பிரேக் போடும்போதும் அப்படித்தான். அந்தத் துகள் சாயத்தின் மேல் உட்கார்ந்து, மழை பட்டுத் துருப்பிடித்து, சிறு முள் மாதிரி இறுகிக்கொள்கிறது. இதோடு சாலைத் தார், மரப் பிசின், செம்பனை ஆலைப் பக்கம் போனால் புகைக்கரி. நம்முடைய செம்மண் தூசி பார்க்கத்தான் பயங்கரம், அது தண்ணீரில் கரைந்து போய்விடும். சிக்கல், ஒட்டிக்கொண்டு விடாதவற்றோடுதான். ஷாம்பு அதன் மேல் வழிந்து போகும், அதைப் பெயர்க்காது.

இதற்குப் பல வருடங்களாக இருக்கும் வழி, களிமண் கட்டி. பெயர்தான் களிமண். உண்மையில் அது பிள்ளைகள் விளையாடும் மாவு போன்ற ஒரு செயற்கைப் பிசின், உள்ளே மிக நுண்ணிய அராவும் தூள் கலந்தது. ஜப்பானில் டாடாவ் கொடாத்தே என்பவர் உருவாக்கியது. காடியின் மேல் தவறித் தெறித்த சாயத்தைச் சாயப் பட்டறையில் எடுக்கப் பயன்பட்டு, 1990-களில் அமெரிக்கா போய், பிறகு உலகம் முழுக்கப் பரவியது. வழுக்கும் திரவத்தைத் தெளித்துவிட்டு இந்தக் கட்டியைச் சாயத்தின் மேல் நகர்த்தினால், நீட்டிக்கொண்டிருக்கும் துகளைப் பற்றி இழுத்துத் தன்னுள்ளே வாங்கிக்கொள்ளும்.

கடையில் கேட்டேன், முழுக் காடிக்கும் 250 வெள்ளி என்றார்கள். நாமே செய்தால் என்ன என்று ஒரு கட்டியை வாங்கி வந்தேன். அடுத்த சனிக்கிழமை அப்பா உள்ளே படுத்திருந்த நேரத்தில் தொடங்கினேன். முதல் பத்து நிமிடம் அற்புதம். கட்டி போன இடமெல்லாம் கண்ணாடி வழவழப்பு. மஞ்சள் கட்டி பழுப்பாகிக்கொண்டே வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு கை வழுக்கியது. கட்டி சிமெண்டுத் தரையில் விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று மணல். நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு, மடித்துப் பிசைந்து, மறுபடி தேய்த்தேன். கட்டி கீழே விழுந்தால் யோசிக்காமல் குப்பையில் போட வேண்டும் என்பது அதன் அட்டையிலேயே எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. 35 வெள்ளிக் கட்டியைப் பாதியில் தூக்கி எறிய மனசும் வந்திருக்காது.

துடைத்துப் பார்த்தபோது முன் மூடியின் இடது பக்கம் ஒரு முழ நீளத்துக்கு நான்கு கோடுகள். பக்கத்துப் பக்கமாக, பூனை கீறினது போல.

அப்போது நான் செய்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கோட்டின் மேல் மெழுகைத் தடவினேன். வெயிலில் பார்த்தேன், நிழலில் பார்த்தேன். ஒரு பக்கமாக நின்றால் தெரிந்தது, மறுபக்கம் தெரியவில்லை. அப்பாவுக்கு எந்தப் பக்கம் நின்றாலும் தெரியாது. அந்த எண்ணம் எனக்குள் வந்தது. வந்ததும் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது.

வேலையிடத்தில் நான் அப்படி இல்லை. ஒலிவாங்கி முன்னால் ஒரு பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டால் அடுத்த பாடல் முடிந்ததும் திருத்திச் சொல்லி மன்னிப்புக் கேட்பேன். கேட்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், மறைக்க முடியாது. வீட்டில் கேட்க ஒருவர்தான் இருந்தார். அவருக்கும் கண் தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து, வேலைக்குக் கிளம்பும்போது அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இடது பக்கம் நாலு கோடு இருக்கே, அது எப்ப விழுந்துச்சு?"

நகத்தைக் குறுக்கே இழுத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் நகம் லேசாகத் தட்டியிருக்கிறது. எண்ணியும் விட்டார்.

எனக்கு வார்த்தை வரவில்லை. பேசிப் பிழைக்கிறவள் நான். கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன், மெழுகு தடவியதையும் சேர்த்து. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் கதையைச் சொன்னார்.

வெட்டுக்குப் போன முதல் வருடம். பால்மரத்தில் உளி போடுவது என்பது பட்டையை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிசாகச் சீவுவது. பட்டைக்கு உள்ளே, கட்டையை ஒட்டி, மரத்தை வளர்க்கும் ஓர் ஈரப் படலம் இருக்கிறது. பால் அதற்குப் பக்கத்தில்தான் அதிகம். ஆகவே உளி அதன் அருகே போக வேண்டும், ஆனால் தொடவே கூடாது. தொட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை மறுபடி வளரும்போது கட்டி கட்டியாக வளரும், அடுத்த சுற்றில் அங்கே சீராக வெட்ட முடியாது. இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், வரிசையாக நூற்றுக்கணக்கான மரங்களில் இதைச் செய்ய வேண்டும். கண்ணைவிடக் கைதான் பார்க்கும் என்றார் அப்பா.

ஒரு நாள் அவர் உளி கட்டை வரை போய்விட்டது. மண்டோர் பார்த்தால் பேச்சு விழும், பேர் போடாமல் விட்டுவிடுவார். ஓடைக்கரையிலிருந்து ஒரு பிடி களிமண்ணை எடுத்து வந்து காயத்தின் மேல் அப்பினார். மண் காய்ந்து பட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. மண்டோர் கடந்து போனார். தப்பித்தோம் என்று நினைத்தார்.

"அந்த நெரை எனக்குத்தான் குடுத்திருந்தாங்க. வருஷக்கணக்கா தினமும் அந்த மரத்துக்கிட்டயே போயி நிக்கணும். மண்டோருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே." கொஞ்ச நேரம் கழித்து, "கோடு விழுந்தது பெருசில்ல பாப்பா. நான் கேக்குற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்த பாரு," என்றார்.

அன்று கொமுட்டரில் நான் பாட்டுக் கேட்கவில்லை.

அந்த வார இறுதியில் ரந்தாவில் சாயப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் காடியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அப்பாவும் கூட வந்தார். அண்ணன் கோடுகளைப் பார்த்துவிட்டு, ஒரு பழைய தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார். "காடி மேல இருக்கிற மொத்தச் சாயமும் இந்தத் தாள் கனம்தான், ஏறக்குறைய. மேல பளபளன்னு நிறமில்லாம ஒரு பூச்சு இருக்கு பாருங்க, அது இதுல பாதிகூட வராது. வெயில்லேருந்து சாயத்தைக் காப்பாத்துறது அதுதான். மெஷின் போட்டு மெருகேத்துற ஒவ்வொரு தடவையும் அதுலேருந்து கொஞ்சம் போயிடும். திரும்ப வளராது."

"மரம்னா வளரும்," என்றார் அப்பா.

"ஆமாங்கையா. இது வளராது."

அப்பாவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள், நான் குறிப்பெடுத்துக்கொண்டேன். அப்பா ரப்பர் ஆராய்ச்சிக்காரரைப்போல விளக்கிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன வெட்டு முறைக்கு ஒரு வரலாறும் உண்டு. தொடக்கத்தில் தென்னமெரிக்காவில் கோடரியால் மரத்தைக் கொத்தித்தான் பால் எடுத்தார்கள். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, ஒரே வெட்டுக் கோட்டைத் திரும்பத் திரும்ப மெல்லிசாகச் சீவினால் மரம் சாகாமல் நீண்ட காலம் பால் தரும் என்று காட்டினார். அந்த மெல்லிய சீவலின் மேல்தான் நெகிரி செம்பிலானில் நம் பாட்டன்மார் வேலை செய்த தோட்டங்கள் எல்லாம் நின்றன.

அண்ணன் சொன்னதன் சாரம் இதுதான்: தேய்ப்பதைக் கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள். கரைய வைக்க முடிந்ததைக் கரைய வையுங்கள். மிச்சம் இருப்பதை மட்டும் தேய்த்து எடுங்கள். தேய்ப்பதற்கும் களிமண் கட்டி கட்டாயமில்லை, இப்போது அதற்குப் பதிலாகக் கையுறை வந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு, வெயில் ஏறும் முன், ஏழு மணிக்கே தொடங்கினோம். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கழுவுதல். இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கத்து மணலை மறுபக்கம் கொண்டுபோய்த் தேய்ப்போம். சோப்புத் தூள், பாத்திரம் தேய்க்கும் நார் இரண்டும் வேண்டாம்.

இரண்டாவது, இரும்புக் கரைப்பான். தெளிப்பான் புட்டியில் வருகிறது, நான் வாங்கியது 28 வெள்ளி. காடி நிழலில் இருக்க வேண்டும், தகடு தொட்டால் சூடாக இருக்கக் கூடாது. தெளித்துவிட்டு மூன்று நான்கு நிமிடம் விட வேண்டும். காயவிடக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். நாற்றம் குமட்டும். முடிதிருத்தும் கடையில் முடியைச் சுருட்டைவிடப் போடும் மருந்தின் வாடை தெரியுமா? அதே குடும்பத்து வேதிப்பொருள்தான் இதிலும் இருக்கிறது.

ஒரு நிமிடத்தில் கரும்பச்சைக் காடி ஊதா நிறத்தில் வழியத் தொடங்கியது. இரும்போடு அந்த மருந்து சேரும்போது வரும் நிறம் அது. கூரையிலும், இரயில் பக்கமாக நான் நிறுத்தும் வலது பக்கக் கதவுகளிலும் நாவற்பழத்தைப் பிழிந்து விட்டது மாதிரி ஓடியது.

"ஐயோ, காடி ரத்தம் கக்குதுடி," என்று அம்மா ஓடி வந்து, கறிவேப்பிலைத் தொட்டியை நகர்த்தி வைத்தார். நல்ல காரியம். அந்தத் தண்ணீர் செடி மேல் படாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

"எந்தப் பக்கம் அதிகம்?" என்று அப்பா கேட்டார்.

"வலது பக்கம்பா. நான் தண்டவாளத்து ஓரமா நிறுத்துவேன்ல, அந்தப் பக்கம்."

அவர் தலையாட்டினார். நிறையத் தண்ணீர் ஊற்றி முழுவதையும் அலசினோம்.

மூன்றாவது, தார். சக்கரத்துக்குப் பின்னாலும் கதவின் அடியிலும் கறுப்புப் புள்ளியாக இருக்கும். தார் நீக்கியைத் துணியில் நனைத்து அரை நிமிடம் ஒத்தி வைத்தால் இளகிவிடும், அழுத்தத் தேவையில்லை. அப்பா அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் துடைப்பார். அதுவும் தாரைக் கரைக்கும். ஆனால் தீப்பிடிக்கும், எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும், ரப்பர்ப் பட்டைகளுக்கும் ஆகாது. தாருக்கென்று இருப்பதை வாங்கிவிடுவதே மேல். முடிந்ததும் மறுபடி ஷாம்பு போட்டு அலசல்.

இப்போது பைக்குள் கையை விட்டுத் தடவினேன். பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு முறைகூட அழுத்தித் தேய்க்காமல். மிச்சம் இருந்தது கூரையும் முன் மூடியும்தான்.

நான்காவது, கையுறை. ஒரு பக்கம் மென்மையான துணி. மறுபக்கம் ரப்பர் போன்ற ஒரு செயற்கைப் படலம், களிமண் கட்டியின் வேலையைச் செய்வது அதுதான். துணியாகவும், பஞ்சுப் பட்டையாகவும்கூடக் கிடைக்கிறது. நான் வாங்கியது 40 வெள்ளி. கட்டியைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனால் பல முறை பயன்படும். எல்லாவற்றையும்விட, கீழே விழுந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. நன்றாக அலசி, விரலால் தடவிப் பார்த்து, மணல் இல்லையென்றால் தொடரலாம். என் மாதிரிக் கை நடுங்குகிறவர்களுக்கு அதுதான் சரி. குறையும் உண்டு. விரலுக்கும் சாயத்துக்கும் நடுவில் கனமான துணி இருப்பதால், கட்டியில் தெரிகிற நுட்பம் இதில் தெரியாது. அழுத்தினால் மங்கலான உரசல் தடம் விழும், கறுப்புக் காடியில் நன்றாகவே தெரியும்.

புதுக் கையுறையை முதலில் கண்ணாடியில் தேய்த்துப் பழக்க வேண்டும். பிறகு ஷாம்பு நீரில் நனைத்து, சாயத்தின் மேலும் தாராளமாக ஷாம்பு நீர் விட்டு, இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்துக்கொண்டு, நேர்க்கோட்டில் நகர்த்த வேண்டும். வட்டமாக வேண்டாம். கையின் எடையே போதும். முதலில் கரகரவென்று சத்தம் வரும். சத்தம் நின்று வழுக்கத் தொடங்கினால் அந்த இடம் முடிந்தது, அதற்கு மேல் ஒரு இழுப்புகூட வேண்டாம். இரண்டு மூன்று இடத்துக்கு ஒரு முறை கையுறையை வாளியில் அலச வேண்டும். துணியில் காடியின் நிறமே இறங்கினால் உடனே நிறுத்துங்கள். மேல்பூச்சு இல்லாத பழைய சாயமாக இருக்கலாம், அல்லது பூச்சு தேய்ந்து போயிருக்கலாம்.

முன் மூடியின் இடது பக்கத்துக்கு வந்தபோது என் கை நின்றது.

"குடு," என்றார் அப்பா.

கையுறையை மாட்டிவிட்டேன். முப்பது வருடம் உளி பிடித்த கை. நான் தண்ணீர் ஊற்ற, அவர் நகர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டார். எப்படியும் அந்த வேலைக்கு அது தேவைப்படவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. அவருக்கு அதற்கும் முன்பே தெரிந்தது. கரகரப்பு அடங்கும் அந்த நொடியில் கை தானாகத் தூக்கிக்கொண்டது. அரை மணி நேரத்தில் கூரையும் மூடியும் முடிந்தன. ஒரு இடத்தைக்கூட இரண்டாவது முறை தொடவில்லை.

அலசித் துடைத்தபின் மெழுகு. இது கட்டாயம். தேய்க்கும்போது அழுக்கோடு பழைய மெழுகும் போய்விடுகிறது. சாயத்தை வெறும் மேனியாக நம் ஊர் வெயிலில் விடக் கூடாது. இந்த வேலை முழுவதையும் வருடத்துக்கு ஒரு முறை, அதிகம் போனால் இரு முறை செய்தால் போதும். பைச் சோதனையில் வழவழப்பாக இருந்தால் அதுவும் வேண்டாம்.

நான்கு கோடுகளையும் மெருகுப் பசை தொட்டுக் கையாலேயே லேசாகத் தேய்த்தேன். மூன்று ஏறக்குறைய மறைந்தன. நடுவில் ஒன்று மட்டும் நின்றுவிட்டது. இதை எந்தக் கட்டியும் கையுறையும் சரிசெய்யாது. ஒட்டியிருப்பதை எடுக்கத்தான் அவற்றால் முடியும், போனதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

மறுவாரம் அக்கா குடும்பம் வந்தது. பையன் காடியைப் பார்த்துவிட்டு, "தாத்தா, புதுசு மாதிரி இருக்கே!" என்றான். அப்பா அவன் கையில் சாவியைக் கொடுக்கவில்லை. பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார்.

"தடவிப் பாரு."

அவன் கூரையிலிருந்து தடவிக்கொண்டே வந்தான். முன் மூடியில் கை வழுக்கிக்கொண்டு ஓடியது. இடது பக்கம் வந்ததும் குனிந்து பார்த்தான்.

"இங்க ஒரு கோடு இருக்கே. என்னாச்சு?"

அப்பா என் பக்கம் திரும்பினார். இந்த முறை அவர் கேட்கும் வரை நான் காத்திருக்கவில்லை.

"நான் போட்டதுய்யா. கட்டி கீழ விழுந்துச்சு, மணலோட எடுத்துத் தேச்சுட்டேன்."

"பரவால்ல சித்தி. கடையில குடுத்து மெஷின் போட்டா போயிடும்."

"வேணாம்," என்றார் அப்பா. "அந்த ஒண்ண எடுக்கணும்னா சுத்தியிருக்கிற பூச்சையும் சேத்துத்தான் எடுப்பான். நீ இன்னும் பத்து வருஷம் ஓட்டணும். கோடு இருந்துட்டுப் போவுது." அப்புறம்தான் சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது, இரயில் நிலையத்தில் நிறுத்தினால் தண்டவாளத்து ஓரமாக நிறுத்தாதே என்றும் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

காடி தாமான் முனையில் திரும்பும் வரை அப்பா வாசலில் நின்று இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபது வருடத்தில் முதல் முறையாக வீட்டு வாசல் காலியாக இருந்தது. சிமெண்டுத் தரையில் ஊதாக் கறை கொஞ்சம் மிச்சம் இருந்தது. நான் குழாயைத் திறந்து அதைக் கழுவப் போனேன்.

"அந்தக் கையுறையையும் ஒரு தடவ அலசிக் காயப்போடு," என்றார் அப்பா, உள்ளே போய்க்கொண்டே. "மடிச்சு வெச்சிடாத, ஒட்டிக்கும். அவன் தீபாவளிக்கு வருவான்ல, அப்ப வேணும்."